விசாரணைக் குழுவின் மூன்றாவது ஆள்

ஸ்கெல்விக் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு லொரேன் ஹார்க்கர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டாள். பெற்றோர் உறுப்பினர் இடம் இரண்டு காலியாக இருந்தது, விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மகன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். தபாலில் வந்த படிவத்தை அவள் அன்று சாயங்காலமே நிரப்பி, "நான் எதையும் ஒழுங்காகக் குறித்துவைப்பவள்" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அது உண்மையும்கூட. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நோயாளியின் நேரமும் இன்னொருவருடையதோடு மோதியதில்லை.

"கவர்னரம்மா வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்று மருத்துவமனையில் கேலி செய்தார்கள். அந்த ஊரில் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினருக்கு கவர்னர் என்றுதான் பெயர். மாளிகை கிடையாது, சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஆறு கூட்டம், கூட்டத்துக்கு நூறு பக்கம், ஆறிப்போன தேநீர். முதல் இரண்டு கூட்டங்களில் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் கழிப்பறைக் கதவுகளைப் பற்றிக் கேட்டாள். தலைவர் கிளைவ் ஆப்பிள்யார்ட், "நல்ல கேள்வி" என்றார். கதவுகள் மாற்றப்பட்டன. அந்த மகிழ்ச்சியில் ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

பயிற்சி வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பள்ளியைப் பார்வையிடப் போகலாம், ஆனால் நீங்கள் ஆய்வாளர் அல்ல. பார்வையிட்ட படிவத்தில் எந்த ஆசிரியரையும் எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி எழுதக் கூடாது. லொரேன் அதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டாள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை அவள் நூலகத்தைப் பார்வையிடப் போனாள். பதினொன்று ஐந்துக்கு, புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நூலக ஜன்னலோரம் நின்றிருந்தாள். எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், பழைய கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் போட்ட படிக்கட்டு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த ஆசிரியை அவள் தோள்பையின் வாரை எட்டிப் பிடித்து இழுத்தார். பெண் சுழன்று திரும்பினாள். வார் பிய்ந்துபோக, இறங்கி வந்த வேகத்திலேயே ஆசிரியை நிலைதடுமாறி, அவளைத் தாண்டி ஐந்து படி உருண்டு விழுந்தார்.

லொரேன் கீழே ஓடினாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அலுவலகத்துப் பெண்மணி, "நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க" என்று அனுப்பிவைத்தார். மறுநாள் போன் செய்து விசாரித்தாள். ஆசிரியை மிஸ் பிரதர்ட்டனுக்கு மணிக்கட்டு முறிவு, தலையில் ஆறு தையல், தேறிவருகிறார் என்றார்கள். விபத்து என்றுதான் அவள் நினைத்தாள். பார்வையிட்ட படிவத்தில் நூலகத்தின் புதிய புத்தக அடுக்குகளைப் பற்றியும் மெத்தைகளைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். படிக்கட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த மாணவி பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்ட செய்தி அவளுக்கு வரவில்லை, வரவும் கூடாது. தலைமை ஆசிரியர் ஒரு பிள்ளையை நீக்கினால், அது சரியா என்று நிர்வாகக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். அந்த மூன்று பேருக்கும் முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. அதனால் உறுப்பினர்களின் காதுக்கு எதையும் கொண்டுபோவதில்லை என்பது வழக்கம்.

இரண்டு வாரம் கழித்து, அந்த மூன்று பேரில் ஒருத்தியாக அவளுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. நாற்பத்தாறு பக்கம். விசாரணை டிசம்பர் மூன்று, செவ்வாய் காலை பத்து மணி. லொரேன் சமையலறை மேசையில் பிரித்துப் படித்தாள். மாணவி பெயர் கீலி நட்டால், வயது பதினான்கு. பதினோராம் பக்கத்தில் மிஸ் பிரதர்ட்டனின் வாக்குமூலம் இருந்தது: "நான் அவளை நிற்கச் சொன்னேன். அவள் திரும்பி இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக் கீழே தள்ளினாள்." கேமராவுக்கு அந்தப் படித் திருப்பம் தெரியாது. கீழே நின்ற இரண்டு பிள்ளைகள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். மீதி முப்பத்தொரு பக்கமும் கீலியின் பழைய கணக்கு: எதிர்த்துப் பேசியது, புகைத்தது, ஏழாம் வகுப்பில் ஒரு நாற்காலியை வீசியது.

லொரேன் பதினோராம் பக்கத்தை மூன்று முறை படித்தாள். பிறகு குழுச் செயலர் மோயிராவுக்குப் போன் செய்தாள்.

"லொரேன், கண்ணு, வரமுடியாதுன்னு மட்டும் சொல்லிடாத!" மோயிரா அவளைப் பேசவே விடவில்லை. "புதன்கிழமையோட பதினஞ்சு பள்ளி நாள் கெடு முடியுது. எட்டுப் பேர்ல ரெண்டு பேர் இங்கயே வாத்தியாருங்க. ஒருத்தருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒருத்தி ஸ்பெயினுக்குப் போய் வெயில் காயறா. உன்னை விட்டா கோர்டன்தான். அவரு கிளைவ் கை தூக்கினா தூக்குவாரு, நடுவுல தூங்குவாரு. சரி, நீ எதுக்குக் கூப்பிட்ட?"

லொரேன் ஒரு நொடி தயங்கினாள். சொன்னால் அவள் சாட்சி. குழுவில் உட்கார முடியாது. தன் நாற்காலியில் கோர்டன் உட்காருவார். தான் ஜன்னல் வழியாக எழுபது அடி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்வதை, மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஆசிரியையின் சொல்லோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரத்தில் கோர்டன் தூங்குவார். சொல்லாவிட்டால் மூன்றில் ஒரு ஓட்டு தன் கையில். இன்னும் ஒருவரைத் திருப்பினால் போதும்.

"எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான்" என்றாள்.

"பத்து. பிஸ்கெட் நான் வாங்கிட்டு வரேன்."

செவ்வாய்க்கிழமை கூட்ட அறைக்கு அவள் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டாள். கிளைவ் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பேனாவைத் தாளுக்கு நேர்கோட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்துக்கடைக்காரி பாட் மெல்லர். மோயிரா ஒரு தாளை நீட்டினாள். இந்த விஷயத்தில் தனக்கு முன்தொடர்போ நேரடித் தகவலோ இல்லை என்ற உறுதிமொழி. கிளைவ் போட்டார், பாட் போட்டாள். லொரேனும் கையெழுத்துப் போட்டாள். நல்லதுக்குத்தானே என்று அவளுக்கு அப்போது இருந்தது.

கீலி அம்மாவோடு வந்தாள். பள்ளியை விட்டு நீக்கப்பட்ட பெண் முழுச் சீருடையில் வந்திருந்தாள். டை முடிச்சு கழுத்துவரை ஏறியிருந்தது. அம்மா ஷெரில், தான் வேலை பார்க்கும் சுற்றுலாக் கேரவன் விடுதியின் சலவைக் கூடத்து மேலங்கியிலேயே வந்திருந்தாள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது, யாரும் வரவில்லை.

தலைமை ஆசிரியர் வெதரில் குரலை உயர்த்தாமல் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. தன் ஆசிரியையை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

"நான் தள்ளல" என்றாள் கீலி. "டீச்சர்தான் பை வாரைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் திரும்பினேன். அவங்களா விழுந்துட்டாங்க."

"இதை யாராவது பாத்தாங்களாம்மா?" என்று கேட்டார் கிளைவ்.

கீலி லொரேனையே பார்த்தாள். கிளைவையும் பார்க்கவில்லை, பாட் மெல்லரையும் பார்க்கவில்லை. ஷெரில் முழங்கையால் இடித்தாள். "கேக்கறாங்கல்ல, சொல்லு. அங்க என்ன பாத்துட்டு உக்காந்திருக்க?"

"பாத்தவங்களுக்குத் தெரியும்" என்றாள் கீலி.

"இதுதான் பதிலா?" என்றார் கிளைவ், வெதரிலைப் பார்த்துக்கொண்டு.

தனக்கு ஒரு கேள்வி இருப்பதாக லொரேன் சொன்னாள். "அந்தப் பை இப்ப எங்க இருக்கு? வார் என்ன நிலைமையில இருக்கு?"

இதைத்தான் அவள் ஐந்து நாளாக யோசித்து வைத்திருந்தாள். தான் வாய் திறக்காமலே உண்மை தானாக மேசைக்கு வந்துவிடும்.

"அது பிய்ஞ்சு தொங்கிட்டிருந்துதுங்க" என்றாள் ஷெரில். "குப்பையில போட்டுட்டேன். புதுசு வாங்கினேன், திரும்பப் பள்ளிக்கூடம் போகணுமேன்னு. ஏன், வெச்சிருக்கணுமா? யாரும் சொல்லலையே எங்கிட்ட."

பாட் ஏதோ குறித்துக்கொண்டாள். பதினொன்றரைக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தலைமை ஆசிரியர் தன் அறைக்குப் போனார். தாயும் மகளும் நடைபாதையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். உள்ளே மூன்று பேரும் மோயிராவும்.

"முப்பத்தொரு பக்கம்" என்றார் கிளைவ். "இதைப் படிச்ச பிறகும் யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"அந்தப் பை விஷயம் எனக்கு இடிக்குது" என்றாள் பாட். லொரேன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஆனா பை இல்லையே. சும்மா சொல்ல எல்லாராலும் முடியும். ஒரு டீச்சர் ஏம்மா பொய் சொல்லணும்?"

"பொய்னு நான் சொல்லல" என்றாள் லொரேன். "தலையில அடிபட்டிருக்கு. விழுந்ததுக்கு முன்னாடி நடந்தது அவங்க மனசுல மாறிப் போயிருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம்! அப்படிப் பாத்தா எதுவும் இருக்கலாம். எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னுதான் நாம பாக்கணும். இந்தத் தாள்ல என்ன இருக்கோ அத வெச்சு." கிளைவ் விரலால் தாள்கட்டைத் தட்டினார். "வார் இழுத்ததா இதுல எங்க இருக்கு? அந்தப் பொண்ணு வாயில தவிர?"

"இழுத்தாங்க, கிளைவ்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அன்னிக்கு நான் நூலகத்துல—"

மோயிரா பேனாவைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"லொரேன்" என்றாள் மோயிரா மெதுவாக. "நீ இப்ப சொல்ல வர்றத நான் இன்னும் கேக்கல. கேக்கணுமா?"

கிளைவ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரின் நிதானம் இருந்தது. "நீங்க அந்த வாக்கியத்த முடிச்சா, நான் இங்கயே கூட்டத்த நிறுத்தணும். புதுசா ஆள் தேடணும். கெடு தாண்டும், கிறிஸ்துமஸ் தாண்டும். அதுவரை அந்தப் பொண்ணு வீட்டுல. அப்புறம், பத்து மணிக்கு நீங்க ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு கல்வித் துறை கேக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அசிங்கம். யோசிச்சுக்கோங்க. நான் தடுக்கல."

பாட் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதையில் யாரோ இருமினார்கள். லொரேன் அந்தத் தாளைப் பார்த்தாள்; மோயிராவின் கோப்பில் மேலாக, மூன்று கையெழுத்துகளோடு இருந்தது. மூன்றாவது அவளுடையது. பதினேழு வருஷத்தில் ஒரு பதிவுகூடத் தவறாமல் வைத்திருப்பவள். ஓட்டு இன்னும் கையில் இருக்கிறது, பாட் பாதி வந்துவிட்டாள், பேசித் திருப்பிவிடலாம் என்று மனம் ஒரு கயிற்றை நீட்டியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நூலகத்துலேருந்து படிக்கட்டு தெரியும்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்."

மோயிரா பேனாவை எடுத்தாள்.

லொரேன் இருபது நிமிடம் பேசினாள். கண்ணாடிச் சுவர், பையின் வார், தலைக்காயம் என்று சுற்றிச் சுற்றி வந்தாள். நடுவில் இருந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. நடு இல்லாத பேச்சு யாரையும் திருப்பவில்லை. பாட் கடைசியில் பெருமூச்சு விட்டு, "டீச்சர் பக்கம்தான் நிக்கணும், லொரேன். நாளைக்கு யாரு இங்க வேலைக்கு வருவா?" என்றாள். நீக்கத்தை உறுதிசெய்ய இரண்டு ஓட்டு, எதிராக ஒன்று.

"வெளியே எண்ணிக்கை போகாது" என்றார் கிளைவ். "குழுவோட முடிவு. நாம மூணு பேரும் எடுத்த முடிவு."

கடிதம் மறுநாள் போனது. மூன்று பேர் பெயரும் கீழே இருந்தது. பெற்றோர் விரும்பினால் பதினைந்து பள்ளி நாட்களுக்குள் வெளியார் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம் என்று கடைசிப் பத்தி. லொரேன் நாட்காட்டியில் எண்ணினாள். விடுமுறையைக் கழித்தால் ஜனவரி எட்டு, புதன், மாலை நான்கு மணி.

மறுபரிசீலனை வரட்டும், அப்போது சாட்சியாகவே போய்ச் சொல்லிவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிசம்பர் பதினொன்றில் மோயிராவுக்குப் போன் செய்தாள். விண்ணப்பம் வரவில்லை. பதினெட்டில் செய்தாள், வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. வான்கோழியை அறுக்கும்போது கத்தி நழுவி விரலில் ஏறியது. ஜனவரி ஆறாம் தேதி மோயிராவே, "நீ ஏன் இதையே கேட்டுக்கிட்டிருக்க? வரலைன்னா நமக்கு வேலை மிச்சம்" என்றாள்.

அன்று சாயங்காலம் லொரேன் ஒரு பக்கம் எழுதினாள். தேதி, நேரம், நின்ற இடம், பார்த்தது, பார்த்ததைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது. வரிசை எண் போட்டு, கீழே முழுப் பெயரும் முகவரியும் எழுதினாள். ஒரு பிரதி மோயிராவுக்கு. மூலத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் ஐந்து மணிக்கு ஷெரில் நட்டாலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஷெரில் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவில் சாய்ந்து நின்று கடிதத்தைப் படித்தாள், உதடு அசைய.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நடந்த அன்னிக்கே."

"அங்க உக்காந்திருந்தப்பவே?"

"ஆமா."

"பைய எங்கன்னு கேட்டியே." மரியாதை விட்டுப்போயிருந்தது. "எம்புள்ளைய எதிர்ல உக்காரவெச்சு, பை எங்க, வார் எங்கன்னு கேட்டியே. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே. குப்பையில போட்டேன்னு நான் சொன்னதுக்கு அப்புறம் நான் எத்தன நாள் அழுதேன் தெரியுமா? நான்தான் கெடுத்தேன்னு நெனச்சேன்."

"உள்ள இருந்தா ஒரு ஓட்டு இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்குத்தான் போட்டேன். வெளியில சொல்லக் கூடாது, ஆனா—"

"உன் ஓட்ட நீயே வெச்சுக்கோ."

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு மின்னஞ்சல் போதும். வெளியாளுங்க மூணு பேர் விசாரிப்பாங்க. நான் வந்து சொல்றேன்."

"அவங்க தப்புன்னு சொன்னா? உடனே சேத்துக்குவாங்களா?"

லொரேன் பொய் சொல்லவில்லை. "இல்ல. மறுபடி யோசிங்கன்னு பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்புவாங்க."

"அதாவது அந்தக் கிளைவுகிட்ட."

"ஆமா."

ஷெரில் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. பின்னால் திரும்பி, "கீலி! கீழ வா" என்று கூப்பிட்டாள்.

கீலி பாதிப் படி இறங்கி நின்றாள். இரவு உடை, கலைந்த தலை. பள்ளிக்குப் பதிலாக வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் பேருந்தில் போக வேண்டிய, நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கான மையத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள்தான் போயிருக்கிறாள் என்பது லொரேனுக்குப் பிறகு தெரியவந்தது.

"இந்தம்மா பாத்தாங்களாம்" என்றாள் ஷெரில். "டீச்சர் உன் பைய இழுத்தத."

"தெரியும்" என்றாள் கீலி. "நூலக ஜன்னல்ல நின்னாங்க. பச்சைக் கோட்டு. திரும்பறப்பப் பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேடி" என்றாள் ஷெரில்.

"வீட்ல வெச்சு யாருன்னு சொல்வேன்? பேரு தெரியாதே. அந்த ரூமுக்குள்ள போனா அவங்களே உக்காந்திருக்காங்க. சரி, சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். நான் கை நீட்டிக் காட்டினா பொய் சொல்றேன்னுதான் சொல்வாங்க. அவங்களே சொன்னாத்தான் நம்புவாங்கன்னு இருந்தேன்." லொரேனை அவள் இப்போது பார்க்கவில்லை, அம்மாவிடம்தான் சொன்னாள். "கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

"இப்ப எழுதிக் கொண்டுவந்திருக்காங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள அனுப்பலாமாம். அனுப்பட்டுமா?"

"வேண்டாம்."

"கீலி, நான் வந்து எல்லார் முன்னாடியும்—" என்று லொரேன் தொடங்கினாள்.

"வேண்டாம்னு சொன்னேன்மா." கீலி திரும்பி மேலே போனாள். ஓர் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை.

ஷெரில் கடிதத்தை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கிளம்புங்க" என்றாள்.

புதன்கிழமை லொரேன் மூன்று மணிக்கே மருத்துவமனையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். நான்கு பத்துக்கு மோயிரா கூப்பிட்டாள். விண்ணப்பம் வரவில்லை. லொரேன் அனுப்பிய பிரதியைப் படித்துவிட்டதாகச் சொன்னாள். பெற்றோர் கேட்காமல் அதை யாரிடமும் கொண்டுபோக வழியில்லை, கோப்பில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றாள்.

"ராஜினாமா வேற கேப்பாங்க, கண்ணு. நீயே முந்திக்கறது நல்லது."

"சரி."

"அப்புறம் அந்தப் பொண்ணு பேரு. இன்னிக்கோட கெடு முடிஞ்சுது இல்ல, நாளைக்குக் காலையில பதிவேட்டுலேருந்து எடுத்துடுவாங்க. உனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு."

வியாழன் காலை எட்டு ஐம்பதுக்கு, வருகைப் பதிவு எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால், கீலி நட்டாலின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். அதே நேரத்தில் லொரேன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு வரவேண்டியவரின் பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.